நாலு சாடித் தும்பு

நாலாவது சாடிக்கும் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றிவிட்டு இரவிச்சந்திரன் குனிந்து பார்த்தான். அடியில் வைத்த தட்டு காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு லீற்றர் ஊற்றினால் கால்வாசியாவது வடிந்து தட்டில் நிற்க வேண்டும். தேங்காய்த் தும்பில் செடி வளர்க்கிற எவனும் முதல் கிழமையே படிக்கிற பாடம் அது. இன்னொரு லீற்றர் ஊற்றினான். நிலவறையின் சில்லிட்ட சீமெந்துத் தரையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, தலைக்கு மேலே விளக்குகள் இரைவதைக் கேட்டபடி காத்திருந்தான். ஒரு சொட்டும் வரவில்லை. சாடியைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு லீற்றர் குடித்த சாடி, ஊற்றுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இலேசாகக் கைக்கு வந்தது.

தும்பு குடித்துவிட்டது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். வேறு என்னத்தைச் சொல்வது?

தொண்ணூற்றேழாம் ஆண்டு நவம்பர் மாதம் அது. குளிர்நாட்டு நகரமான லொங்குய்யில் விமலநாதனின் பழைய வீட்டை அவர்கள் வாடகைக்கு எடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேலே, அவன் தலைக்கு நேர் மேலான அறையில், அவன் மனைவி சிவமலர் படுத்திருந்தாள். வயிற்றில் புற்று. மருந்து ஏற்றிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் நாலு நாள் வாந்தி. அதன் பிறகு சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆவணியில் நாற்பத்தாறு கிலோ இருந்தவள் இப்போது நாற்பத்தொன்று. முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்திவிடுவோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

டவுன்டவுனில் அவன் காய்கறி வெட்டும் உணவகத்தில் சூப் அடுப்புக்குப் பொறுப்பாக நிற்கும் ரெஜான்தான் கஞ்சாவைப் பற்றிச் சொன்னான். ரெஜானின் தாய்க்கும் இதே வருத்தம். புகைத்த அன்று மாலையே முழுக்கோழி கேட்டாளாம். கடையில் கிடைக்காது, தெருவில் வாங்குவதை நம்ப முடியாது, நீயே வளர்த்துக்கொள் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையசைவிலும் விளக்கி, பழைய கோப்பிப் பேணிகளில் நாலு நாற்றும், இரண்டு விளக்கும், அழுத்திக் கட்டியாக்கிய தும்புத்தூள் ஒன்றும் தந்தான். பொலிஸ் பிடித்தால் குடியுரிமைப் பத்திரம் குப்பைக்குள் போகும் என்று இரவிச்சந்திரனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பேணிகளை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

தும்புத்தூளின் விலையைக் கேட்டபோது பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய்ப் பொச்சுத் தூளைப் பொட்டலம் கட்டி விற்கிற ஊர்! அந்தக் கட்டி ஒன்றரைச் சாடிக்குத்தான் காணும். ஆனால் நிலவறையில், சூடாக்கி இயந்திரத்துக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த ஒரு தும்பு மெத்தை நின்றது. கொழும்பில் செய்தது. துணியைக் கிழித்தபோது உள்ளே கபில நிறத்தில் கட்டிக் கட்டியாகத் தும்பு. நடுப்பகுதி மட்டும் அமிழ்ந்து கறுத்திருந்தது. கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, குளியல் தொட்டியில் மூன்று நாள் ஊறப்போட்டு, ஏழு முறை தண்ணீர் மாற்றினான். ஏழாம் தண்ணீரும் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில்தான் போனது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

அவன் பயப்படவில்லை. களப்புக் கரையில் பிறந்தவனுக்குத் தும்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டையை மாதக்கணக்கில் உவர்த்தண்ணியில் புதைத்துத்தானே அடித்தெடுப்பார்கள், உப்பு இருக்கத்தானே செய்யும்? ஒரு மெத்தைக்குள் உப்பு ஊற வேறு வழியும் உண்டு என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

செடிகள் வளரவில்லை. ஒரு மாதத்தில் முழங்கால் உயரம் வர வேண்டியவை ஒரு சாண் உயரத்தில் நின்றன. இலை நுனிகள் கருகின, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் ஏறியது, தண்டு ஊதா நிறமாகியது. அவன் ஒவ்வொரு இலையாகத் தாளில் வரைந்துகொண்டுபோய் ரெஜானிடம் காட்டினான். உப்புக் கூடிவிட்டது, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவு என்றான் ரெஜான். ஊற்றினான், தட்டு நனையவில்லை. கல்சியம் போதவில்லை என்றான். போட்டான். வடிகிற தண்ணீரின் புளிப்பை அளந்து பார் என்றான். அளக்க வடிந்த தண்ணீர் வேண்டும், அதுதான் இல்லையே! விளக்கை உயர்த்தினான், தாழ்த்தினான். வேரில் புழுவோ என்று விரலை விட்டுக் கிளறியபோது தும்புக்குள்ளிருந்து ஒரு மணம் எழுந்தது. ஓடிக்கொலோன். நோயாளியின் நெற்றியில் பூசுகிற அதே ஓடிக்கொலோன். மேலே சிவமலரின் அறையிலிருந்து வருகிறதாக்கும் என்று நினைத்தான். சிவமலருக்கு அந்த மணமே ஒத்துக்கொள்ளாது, வீட்டில் ஒரு போத்தலும் இல்லை என்பது படியேறி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானம் சிவமலருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். இரண்டு வாய். அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டு வாய் குடியும், மலர்."

"எனக்கு வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கோ."

எப்போதும் இதே சொல், இதே மெல்லிய குரல். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். அரிசி கழுவின தண்ணியையும் மிஞ்சின கஞ்சியையும் செடியின் அடியில் ஊற்றுவது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. யோசிக்காமலே முதல் சாடியில் கவிழ்த்தான். விளக்குகளின் இரைச்சலுக்கு அடியில், மிக அருகில், ஒரு சத்தம் கேட்டது. மடக். வரண்ட தொண்டை ஒன்று விழுங்குகிற சத்தம்.

மறுநாள் காலையில் அந்தச் செடி ஒரு சாண் கூடுதலாக வளர்ந்து நின்றது. இலைகளில் மஞ்சள் இல்லை.

அதற்குப் பிறகு ரெஜானிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. சிவமலர் வைத்த மிச்சம் எல்லாம் கீழே போயிற்று: கஞ்சி, இடியப்பம், சொதி, மீன் தண்ணி. நாலு சாடியிலும் நாலு விழுங்கல். மார்கழி நடுவில் செடிகள் இடுப்பு உயரம் வந்தன, மொட்டுக் கட்டின. இன்னும் மூன்று கிழமையில் மொட்டு முற்றும். இவளுக்குப் பசி வரும். ஒருநாள் சிவமலர் "எனக்கு வேண்டாம்" என்று தொடங்கும்போதே தன் கை கிண்ணத்தை எடுக்க நீண்டுவிட்டதைக் கண்டான். முன்பெல்லாம் கெஞ்சுவான், கோபிப்பான், கண்ணீர் விடுவான். எப்போது கெஞ்சுவதை நிறுத்தினோம்? தன்மீது அவனுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் கிண்ணத்தைக் கீழேதான் கொண்டுபோனான்.

முப்பத்தெட்டரைக் கிலோ என்று தராசு காட்டிய அன்று மாலை, விமலநாதனுக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, கீழ ஒரு தும்பு மெத்தை கிடந்துதெல்லோ, அது ஆருடையது?"

"அதை ஏன் கேக்கிறீர்?" விமலநாதனின் குரல் மாறியது. "தொட்டனீரே?"

"இல்லை அண்ணை. சும்மா கேட்டனான்."

"உங்களுக்கு முதல் வாடகைக்கு இருந்த யோசெப்பின் எண்ட அக்கான்ர மெத்தை. ஸ்பிரிங் மெத்தையில படுக்கேலாது எண்டு தமையன் கப்பல்ல அனுப்பினவர். தொண்டையில வருத்தம். அதிலதான் ஆறு மாசம் கிடந்து, அதிலதான் போனவ. ஊரெண்டால் அண்டைக்கே எரிச்சிருப்பம். இங்க வளவுக்க நெருப்பு வைக்கேலுமே? குப்பைக்காரரும் எடுக்க மாட்டன் எண்டிட்டாங்கள். அதுதான் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சனான்." பிறகு சொன்னார்: "பாவம். கடைசியில ஒண்டும் விழுங்கேலாது, ஆனா பசி. பாக்கப் போற எல்லாரையும் தம்பி எண்டுதான் கூப்பிடுவா. தம்பி பசிக்குது, கொஞ்சம் தாரும் தம்பி. காதால கேக்கேலாது."

ரெலிபோனை வைத்துவிட்டுப் பெரிய குப்பைப் பை ஒன்றோடு கீழே இறங்கினான். எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் போட்டுத் தெருவில் எறிந்துவிடலாம். பத்து நிமிட வேலை. செடிகள் விளக்கின் கீழ் செழித்து, பிசுபிசுத்து, காற்றே இல்லாத நிலவறையில் மெல்ல அசைந்தபடி நின்றன. அவனுக்குப் பயம்தான். ஆனால் சிவமலர் இல்லாத இந்த வீட்டை நினைத்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான்.

ஜனவரியில் ஐஸ் மழை தொடங்கியது. ஐந்து நாளாக மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரங்கள் முறிந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, லொங்குய்ய் முழுவதும் இருண்டது. சூடாக்கியும் விளக்குகளும் ஒன்றாக நின்றன. எல்லாக் கம்பளியையும் சிவமலருக்குப் போர்த்தினான். வைத்தியசாலைக்குப் போகக் காரின் கதவு திறக்கவில்லை, வீதியும் இல்லை. அவள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையைப் பிடித்தால் எலும்புதான் கையில் வந்தது.

மொட்டு இன்னும் முற்றவில்லை. ஆனால் இனிக் காத்திருக்க நாள் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு ரோர்ச் லைற்றோடு நிலவறைக்கு இறங்கினான். நாலு நாளாக விளக்கில்லை, சூடில்லை. செடிகள் செத்திருக்க வேண்டும். செத்திருக்கவில்லை. தலையைத் தொடுமளவுக்கு வளர்ந்திருந்தன. முதல் சாடியைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. வெளிச்சத்தைத் தரையில் அடித்தான்.

சாடிகளின் அடியிலிருந்து வேர்கள் வெளியே வந்திருந்தன. வேரோடு தும்பும் வந்திருந்தது. அவன் கத்தரியால் வெட்டிய தும்பு. துண்டுகளை வேர் இழுத்து இழுத்துப் பின்னி, ஆறடி நீளத்துக்குத் தரையில் பரப்பியிருந்தது. சீராக. தட்டையாக. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். தலை வைக்க ஒரு பள்ளம், தோளுக்கு ஒன்று, மடித்த முழங்காலுக்கு ஒன்று. ஒருக்களித்துப் படுத்த ஒருவர் எழுந்துபோன இடம்.

விரலால் தொட்டான். மூச்சு ஆவியாகிற குளிரில், அந்தப் பள்ளம் சூடாக இருந்தது.

கைக்கு எட்டிய மொட்டுகளைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரெஜான் தந்திருந்த சின்னக் காஸ் அடுப்பில் மொட்டுகளைப் பாலில் போட்டுக் காய்ச்சி, வடித்து, சீனி போட்டு, கரண்டி கரண்டியாகச் சிவமலரின் உதட்டுக்குள் விட்டான். பாதி வெளியே வழிந்தது. பாதி உள்ளே போயிற்று. அவள் கண்ணை மூடினாள். மூச்சு மெலிந்துகொண்டே போனது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டான்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும்.

"பசிக்குது."

அவன் துள்ளி எழுந்தான். மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவமலர் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வராத சொல்! அவனுக்கு அழுகை முட்டியது. கஞ்சி காய்ச்சினான். ஊட்டினான். குடித்தாள். இன்னொரு கிண்ணம். குடித்தாள். மிஞ்சிய சோறு. பாண். பச்சைத் தண்ணியில் கரைத்த மா. எல்லாம் போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக். இவள் பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள் என்று அழுதுகொண்டே ஊட்டினான். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்று நினைத்துப் பார்க்க அவன் விரும்பவில்லை. அறையில் ஓடிக்கொலோன் மணந்தது. அதுவும் தனக்கு மணக்கவில்லை என்று வைத்துக்கொண்டான்.

பானை காலி. கடைசிக் கரண்டி.

அவள் அதை விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தாள். முகம் சிவமலரின் முகம்தான். பல்லிடுக்கில் ஏதோ கபில நிறத்தில் ஒரு நார்.

"இன்னும் கொஞ்சம் தாரும், தம்பி."

கரண்டி அவன் கையிலேயே நின்றது.

அப்போது கீழே, நிலவறையில், இருட்டுக்குள்ளிருந்து, ஐந்து மாதமாக ஒவ்வொரு வேளையும் அவன் கேட்டுப் பழகிய அந்த மெல்லிய குரல் வந்தது.

"எனக்கு வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கோ."

கட்டிலில் இருந்தவளின் வாய், அடுத்த கரண்டிக்காகத் திறந்தே இருந்தது.