பதினான்காவது மேயர்

கிருஷ்ணமூர்த்தி மாடிப்படியின் அடியில் கிடந்தார்.

தலை தரையில். ஒரு கால் மூன்றாவது படியில். கண்கள் திறந்தபடி...

வயது அறுபத்தைந்து. செத்து ஒரு மணி நேரம் இருக்கலாம்.

மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில், ட்ராம் ஓடும் சத்தம் கேட்கிற ஒரு தெரு. காலை ஒன்பதரை.

டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் சயந்தினி பிணத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பதினாறு வருடப் பொலிஸ் வேலை. பிணங்களைப் பார்த்தால் அவளுக்குள் இப்போது எதுவும் அசைவதில்லை.

குசினியில் மனைவி பிரியம்வதா இருந்தாள். அழவில்லை. அவள் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர், தொடாமல் ஆறிப்போயிருந்தது.

"அம்மா, என்ன நடந்தது?"

"பால் வாங்கப் போனனான். வந்து பாக்க விழுந்து கிடந்தார்."

"எத்தனை மணிக்குப் போனீங்கள்?"

"எட்டு இருக்கும்."

"நேற்று ஆரும் வீட்டை வந்தவையோ?"

"சற்குணம் வந்தவர். கடை வச்சிருக்கிறவர். இவரோட சண்டை பிடிச்சவர்."

"என்னத்துக்கு?"

"புத்தகத்துக்கு."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

"மேடம்! ஒருக்கா மேல வாங்கோ!"

சார்ஜன்ட் கிளின்ரன். அவனும் தமிழன். வயது நாற்பது. எந்தப் பிணத்தின் பக்கத்திலும் பகிடி விடாமல் இருக்கத் தெரியாதவன்!

மாடி அறை மேசை முழுக்கக் கையெழுத்துத் தாள்கள். நடுவில் ஒரு லப்டொப்.

"இதைப் பாருங்கோ. 'ஹார்லன் நகரமும் புறநகரங்களும்: மேயர்மாரின் வரலாறு.' கனடாவில ஒரு ஊர், மேடம். மனுசன் அங்க இருபத்தைஞ்சு வருசம் இருந்தவராம்."

"தமிழிலயோ எழுதினவர்?"

"தமிழிலதான்! அதிகாரத்துக்கு ஒரு மேயர். முதல் ஆள் மரம் அரியிற மில் வச்சிருந்தவர். ஏழாவது ஆள் பதினொரு நாள்தான் மேயர்... ஆத்தில ஐஸ் உடைஞ்சு உள்ள போயிட்டார்! பிறகு புறநகர் ஒவ்வொண்டுக்கும் தனித்தனி மேயர். கடைசியில எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து ஒரே மேயராக்கிப் போட்டாங்கள்."

"விசயத்துக்கு வாங்கோ கிளின்ரன்."

"பதின்மூண்டாவது அதிகாரம் இருக்கு. பதினைஞ்சாவது இருக்கு. பதினாலைக் காணேல்ல!"

சயந்தினி தாள்களைப் புரட்டினாள்.

"லப்டொப்பில?"

"பதின்மூண்டு வரைதான் டைப் அடிச்சிருக்கு. இவர் எழுதுவார், மனுசி டைப் அடிப்பாவாம். இன்னுமொண்டு... பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எட்டரைக்கு இங்க சண்டைச் சத்தம் கேட்டவவாம். ரெண்டு குரல்!"

"எட்டரைக்கு மனுசி கடையில எண்டு சொல்லுறா."

"அப்ப ரெண்டாவது குரல் ஆற்ற?"

*

சற்குணத்தின் கடை இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி.

மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். ஐம்பத்தேழு வயது. பொலிஸ் அட்டையைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"கிருஷ்ணமூர்த்தி செத்திட்டார்," என்றாள் சயந்தினி. "படியால விழுந்து."

சற்குணம் மெதுவாகக் கேட்டார்.

"தள்ளினதோ?"

கிளின்ரன் நிமிர்ந்தான்!

"விழுந்தவர் எண்டுதானே அண்ணை சொன்னவ... தள்ளின கதை எங்கயிருந்து வந்தது?"

"நான் காலமை ஆறு மணியிலயிருந்து இங்கதான் நிக்கிறன். கமெரா இருக்கு. பாருங்கோ."

பார்த்தார்கள். எட்டரை மணிக்குச் சற்குணம் ஒரு கிழவருக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளையில், சந்தேகமே இல்லாமல்!

"சரி. நேற்று ஏன் சண்டை பிடிச்சனீங்கள்?"

"அது... சொல்ல ஏலாது, தங்கச்சி."

"பதினாலாவது அதிகாரம் எங்கை?"

சற்குணத்தின் முகம் விழுந்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கிருஷ்ணமூர்த்தி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினவன். வாசிச்சுப்போட்டு ஓடிப்போனன். இதைப் பிரியம்வதாவிட்டை டைப் அடிக்கக் குடுக்காதையடா எண்டு கும்பிட்டுக் கேட்டன். வாயால சொல்ல ஏலாது, அதாலதான் எழுதிக் குடுக்கிறன் எண்டான்."

ஃபோனை நீட்டினார்.

சயந்தினி வாசித்தாள்.

பதினான்காவது மேயர். வெஸ்ற் ஹார்லன் என்ற புறநகரைப் பன்னிரண்டு வருடம் ஆண்டவர். நூலகம் கட்டியவர். 1991 பெப்ரவரியில், பனி கொட்டிய ஒரு பின்னேரம், அவருடைய உத்தியோகக் கார் ஒரு அகதி இளைஞனை அடித்தது. நிற்காமல் போனது. அடித்தது எந்தக் கார் என்பதைப் பொலிஸ் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. செத்தவன் பெயர் குகதாஸ்.

"குகதாஸ் ஆர்?"

"பிரியம்வதாவின்ர தம்பி. கனடாவில என்னோட ஒரே அறையில இருந்தவன். இருபத்திரண்டு வயசு."

முதல் பக்கத்தின் கடைசி வரி...

'அந்தக் காரின் சாரதி நான்.'

கிளின்ரன் முதல் தடவையாகப் பகிடி விடவில்லை.

சயந்தினி விரலால் தள்ளி இரண்டாவது பக்கத்துக்குப் போனாள். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"ஃபோன் எங்களிட்டை இருக்கட்டும் அண்ணை. கிளின்ரன், காரை எடுங்கோ!"

*

பிரியம்வதா அதே கதிரையில் இருந்தாள்.

"பதினாலாவது அதிகாரம் வாசிச்சிட்டன் அம்மா," என்றாள் சயந்தினி.

"ஓ."

சயந்தினி சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கைது என்றாள். வக்கீல் வரும்வரை பேசாமல் இருக்கலாம் என்றாள்.

பிரியம்வதா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

"தம்பியின்ர செத்த வீட்டுக்கு முதல் ஆளா வந்தவர், பிள்ளை. முன்பின் தெரியாது. பெட்டி தூக்கினவர். ரெண்டு வருசம் கழிச்சு என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனுசன் எண்டு கட்டினன்."

"இண்டைக்குக் காலமை?"

"டைப் அடிச்சுக்கொண்டு வந்தன். அந்த வரி வந்தது. அவர் படிக்கு மேல நிண்டவர். இது உண்மையோ எண்டு கேட்டன். கத்தித்தான் கேட்டன். 'ஓம்' எண்டார்."

"பிறகு?"

"பிறகு 'ஆனா' எண்டார். ஆனாவுக்குப் பிறகு சொல்ல நான் விடேல்ல."

குளிர்சாதனப் பெட்டி முனகியது.

"அதிகாரத்தை என்ன செய்தனீங்கள்?"

"கிழிச்சு டொய்லெட்டில போட்டன். லப்டொப்பில அடிச்சதையும் அழிச்சுப்போட்டன்."

"மற்றப் பக்கம் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப பால் வாங்கினது?"

"தள்ளினாப் பிறகு போனன். வீட்டில பால் இல்லை."

சயந்தினி ஃபோனை எடுத்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிரியம்வதா இதை எப்படியும் நீதிமன்றத்தில் கேட்கத்தான் போகிறாள்... இரண்டாவது பக்கத்தை வாசித்துக் காட்டினாள்.

'ஆனால் அன்று காரை ஓட்டியது நான் அல்ல. மேயர் குடித்திருந்தார். சாவியைப் பறித்துக்கொண்டார். நான் பக்கத்து சீற்றில். நிற்பாட்டச் சொல்லிக் கத்தினேன். நிற்பாட்டவில்லை. அடுத்த கிழமை என் அகதி வழக்குக்கு மேயர் ஒரு கடிதம் தந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிரியம்வதா, இதை நீ டைப் அடிக்கும்போது...'

அதற்கு மேல் சயந்தினி வாசிக்கவில்லை.

"அவர் ஓட்டேல்லையோ?"

"இல்லை அம்மா."

அழுவாள் என்று எதிர்பார்த்தாள் சயந்தினி. அலறுவாள் என்று எதிர்பார்த்தாள்.

பிரியம்வதா யோசித்தாள்.

"முப்பத்திரண்டு வருசம் பக்கத்தில படுத்தவர்," என்றாள். "ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

எழுந்தாள். ஆறிய தேநீரைச் சிங்கில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கைகளைத் துடைத்துவிட்டு இரண்டையும் முன்னால் நீட்டினாள்.

"போவம் பிள்ளை."

*

பிரியம்வதாவை ஏற்றிய வான் முன்னால் போனது. சயந்தினியும் கிளின்ரனும் பின்னால்.

குரோய்டனில் சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"அந்த மேயருக்கு என்ன நடந்ததாம்?" என்றாள் சயந்தினி.

"கடைசி அதிகாரத்தில இருக்கு, மேடம். தொண்ணூறு வயசு வரை சுகமா இருந்து, நித்திரையில போயிட்டாராம். ஊர் மறக்கேல்ல... ஒரு பார்க்குக்கு அவற்ற பேர் வச்சிருக்கினம்!"

"என்ன பார்க்?"

விளக்கு பச்சையானது. கிளின்ரன் கியரை மாற்றினான்.

"கார் பார்க், மேடம்!"