இரண்டாவது தட்டல்

அவர் மனைவியின் உயிர் நூற்றைம்பதுக்குப் போனது. பேரத்தில் அவர் மிச்சம் பிடிக்கப் பார்த்த தொகை அது.

கடைத்தெருவில் அவரை ஆணிக்காரர் என்பார்கள். ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று வீட்டில் எதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டுமோ, அதற்கெல்லாம் அவர் கடைக்குத்தான் வர வேண்டும். சொன்ன விலைக்கு எதையாவது வாங்கிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. பல் டாக்டரிடமே, "ரெண்டு பல்லு பிடுங்கறீங்க, மொத்தமா பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டவர்.

காரின் ஓட்டுநர் பக்கத்தில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி ஆட ஆரம்பித்தபோது, மனைவி சொன்னாள் என்றுதான் மெக்கானிக்கிடம் போனார்.

"உள்ளே மரை தேஞ்சுபோச்சு சார். அதை மாத்தி, சரியான ஸ்க்ரூ போடணும். நானூத்தம்பது."

"முந்நூறு."

"இது கத்தரிக்காய் இல்ல சார்."

"ஒரு டஜன் ஸ்க்ரூவை டீ விலைக்கு விக்கிறவன் நான். எனக்கே ஸ்க்ரூ விக்கிறியா?"

சொல்லிவிட்டுப் பத்தடி நடந்தார். பத்தடிக்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், அதுதான் முறை. மெக்கானிக் கூப்பிடவில்லை. திரும்பிப் போக இவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

அன்றே கடையிலிருந்து ஒரு ஸ்க்ரூ எடுத்து அவரே முறுக்கினார். நீளம் சரி, தடிமன் சரி. ஆனால் அது மரத்துக்குப் போடுகிற ஸ்க்ரூ. மரத்தில் கடித்துக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக்கில் மிச்சம் இருக்கிற மரையையும் அறுத்துவிடும். தெரியாதவரா? தினம் பத்துப் பேருக்கு அதைச் சொல்லித்தான் விற்கிறார். தெரிந்தேதான் போட்டார். பன்னிரண்டு நாள் நின்றது.

பதின்மூன்றாம் நாள் காலை கண்ணாடி மறுபடி தொங்கியது.

அந்த வீட்டில் கண்ணாடி சரிசெய்ய ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி, வெளியே நின்று கையால்தான் திருப்ப வேண்டும். அவர் திருப்புவார், வண்டி ஓட்டுகிற மனைவி உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள். தூசி ஒத்துக்கொள்ளாது என்று கதவுக் கண்ணாடியை இறக்கமாட்டாள். மோதிர விரலால் தட்டுவாள். ஒருமுறை தட்டினால், 'இன்னும்'. இரண்டுமுறை தட்டினால், 'சரி, போதும்'.

அன்று முறுக்கிவிட்டுத் திருப்பினார்.

டக்.

கொஞ்சம் மேலே ஏற்றினார்.

டக்.

போன் அடித்தது. நாற்பது கதவுக்குக் கீல் கேட்கிற ஆள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, போ போ என்று அவளுக்குக் கை காட்டினார். மூன்றாவதாக ஒருமுறை தட்டினாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு விலை பேசினார்.

கீல் வியாபாரம் படிந்தது. அந்நேரம் பெரிய சாலையில் அவள் வண்டியைப் பக்கத்துத் தடத்துக்குத் திருப்பினாள். கண்ணாடி தொங்கி, தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ்ஸை அது காட்டவில்லை.

கதவுகள் நசுங்கின. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

எட்டு மாதம் ஆயிற்று. இன்சூரன்ஸில் ஒட்டுப்போட்டு வந்த வண்டி உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் நின்றது. விற்றுத் தலைமுழுகலாம் என்று பார்த்தார். மகள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, ஊரின் மறுகோடியில்.

"அம்மா ஓட்டின வண்டிப்பா. விக்கறதா இருந்தா என்கிட்ட விலை சொல்லு."

அவருக்கு முதல்முறையாக ஒரு பொருளுக்கு விலை சொல்லத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் இருவரும் அதே பட்டறைக்குப் போனார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. பழைய எண்ணெயும் ஈர ரப்பரும் கலந்த வாடை. ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் இவரை அடையாளம் கண்டுகொண்டான். துக்கம் விசாரிக்க வாயெடுத்து, மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எவ்வளவு ஆகும்?" என்றார்.

"அதே நானூத்தம்பதுதான் சார்."

எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் நோட்டுகளை எண்ணாமல் அவர் முகத்தையே பார்த்தான்.

கண்ணாடியைக் கழற்றியதும் கூட்டுக்குள்ளிருந்து ஸ்க்ரூ அவன் உள்ளங்கையில் விழுந்தது. விளக்கருகே தூக்கிப் பிடித்தான்.

"மரத்துக்குப் போடறதைப் போட்டிருக்காங்க. எந்தப் புண்ணியவான்?"

மகள் திரும்பினாள். "யாருப்பா போட்டது?"

அவர் மழையைப் பார்த்தார்.

"யாரோ... ரோட்டோரம் ஒரு மெக்கானிக்."

மெக்கானிக் ஸ்க்ரூவை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, புது மரை வைத்து முறுக்க ஆரம்பித்தான். அவன் கை நின்றது.

"உள்ளே யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே," என்றாள் மகள். "ஏண்ணா?"

"தட்டற மாதிரி இருந்துச்சு." கூரையை அண்ணாந்து பார்த்தான். "மழையா இருக்கும்."

வேலை முடிந்தது. "பாப்பா, நீ உக்காரு. உன் உயரத்துக்கு அப்பா வெச்சுக் கொடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவ உள்ளே போனான்.

மகள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சாரல் அடித்ததால் கதவுக் கண்ணாடி மூடியே இருந்தது. உள்ளே அவள் மூச்சில் அது வெளுத்துப் புகைந்திருந்தது. ஒரு நிழல்தான் தெரிந்தது. அவர் குனிந்து கண்ணாடியைத் திருப்பினார்.

டக்.

கை தானாக ஒரு நூல் மேலே ஏற்றியது.

டக்.

இடது பக்கம் கொஞ்சம்.

தலைவலித் தைல வாசனை வந்தது. மனைவி நெற்றியில் தினம் தடவிக்கொள்வது. எட்டு மாதமாக அந்தப் புட்டியை அந்த வீட்டில் யாரும் திறக்கவில்லை.

டக். டக்.

நிறுத்தினார்.

மகள் கதவுக் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் ஆச்சரியம். "அப்படியே பொருந்துதுப்பா. நான் சொல்றதுக்குள்ள எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நீதானே தட்டினே?"

"நான் எங்கே தட்டினேன்? ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு."

இருந்தது. விரல்களில் மோதிரமும் இல்லை.

புகைந்த கண்ணாடி இறங்கி முடிவதற்குள் அவர் பார்த்துவிட்டார். உள்பக்கமாக, மோதிரம் பட்ட மாதிரி, நாலு சின்ன வட்டம்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. பயத்தால் இல்லை. மகளுக்கு அவள் அம்மா பாதை காட்டிவிட்டாள், பொய்யையும் கேட்டிருப்பாள் என்பதால்.

மறுநாள் மகள் வேலை முடிந்து வந்து வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு உள்ளே போனதும், அவர் துடைக்கிற துணியோடு போய் நின்றார். கதவெல்லாம் பூட்டியிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன்," என்றார் மெதுவாக. "தெரிஞ்சேதான் போட்டேன். நீ தட்டினதும் கேட்டுச்சு. மூணாவதும் கேட்டுச்சு."

ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"மன்னிச்சுடு."

டக்.

காத்திருந்தார். இன்னொன்று வரவில்லை.

இன்னும்.

சமையலறை ஜன்னலில் மகளின் தலை அசைந்தது. யாரிடம் சொல்ல வேண்டியது மிச்சம் என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே போனார். நேற்றைய சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார், நாற்பது கதவுக் கீல் வரைக்கும்.

மகள் அந்த ஸ்க்ரூவை விரலால் உருட்டினாள். ரொம்ப நேரம் உருட்டினாள்.

"நூத்தம்பதுப்பா," என்றாள் கடைசியில். "என்கிட்ட கேட்டிருந்தா நான் கொடுத்திருப்பேனே."

மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். பேசவில்லை, ஆனால் வைத்தாள். ஆறுவதற்குள் குடித்துவிட்டு, வயசுப் பையன் மாதிரி ஷெட்டுக்கு ஓடினார்.

"சொல்லிட்டேன்," என்றார் மூச்சிரைக்க. "டீ கொடுத்தா. இப்ப சரியா?"

தைல வாசனை வந்தது.

டக்.

இன்றைக்கும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வருகிறார். சொன்ன விலைக்கே வாங்குகிறார். கடைத்தெருவில் ஆள் மாறிவிட்டார் என்று சிரிக்கிறார்கள். சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தலையைச் சாய்த்து நிற்கிறார், பத்தடி நடந்துவிட்டுக் கூப்பிடுவார்களா என்று காது கொடுக்கிறவரைப் போல.

மெக்கானிக்குக்குக் கொடுத்தது நானூற்றைம்பது. மகளிடம் சொன்னது முழுசு. தினம் வந்து சேர்வது ஒரு தட்டல்.

பாக்கி, ஒன்று.