அம்மே என்று கூப்பிட்டவள்

"மறுபடியும் தூங்கிட்டியா? இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசிட்டிருந்தியே!"

டெல்னா கண் விழித்ததும் காதில் விழுந்தது நர்ஸின் இந்தக் குரல்தான். தொண்டையில் குழாய் உரசிய எரிச்சல், நாக்கில் மருந்துக் கசப்பு, வயிற்றின் வலப்பக்கம் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஒரு கனம். ஆபரேஷன் தியேட்டரின் குளிர் நினைவிருந்தது. முகத்தை மூடிய மாஸ்க்கின் ரப்பர் வாடை நினைவிருந்தது. "பிளஸ் ஒன்ல என்ன குரூப் மோளே?" என்று டாக்டர் கேட்டார், பதில் சொல்ல வாயெடுத்தாள். அதன்பிறகு இப்போதுதான் விழிக்கிறாள்.

"நான் எதுவும் பேசலையே சிஸ்டர்."

"பேசலையா? அம்மே, அம்மேன்னு ஒரே அடம். தொல்லை தாங்காம உங்கம்மாவை உள்ளே விட்டோம். கையைப் பிடிச்சவ விடவே இல்லை."

டெல்னாவின் மம்மி இறந்து நாலு வருஷமாகிறது.

திரையை விலக்கிக்கொண்டு எல்ஸி வந்தாள். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அப்பா லீவு முடிந்து திரும்பிப்போனதிலிருந்து, தொடுபுழைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். டெல்னா அவளை 'ஆன்ட்டி' என்பாள், அதுவும் அவசியம் வந்தால். எல்ஸியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனால் அந்த முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை டெல்னா பார்த்ததே இல்லை.

"மயக்கத்துல சிலபேர் பாடுவாங்க, சிலபேர் கெட்ட வார்த்தையில திட்டுவாங்க," என்று நர்ஸ் சிரித்தாள். "உனக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கு. நல்லதுதானே!"

டெல்னாவும் அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மழை விடவேயில்லை. ஓட்டின்மேல் அது விழும் ஓசையும், பின்கட்டில் காயாமல் தொங்கிய ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றமும், பகலிலேயே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மங்கலுமாக, நேரம் காலையா மாலையா என்றே தெரியாமல் போனது. தூக்கம் அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. கிணற்றில் வாளி இறங்குவதுபோல ஒரே இறக்கம். பிறகு வெறும் இருட்டு.

ஒரு மதியம் விழித்தபோது வாயில் சுட்ட பப்படத்தின் ருசி இருந்தது. உதட்டோரம் கஞ்சி உலர்ந்திருந்தது. தலை கனத்தது. கையை வைத்துப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்து, வகிடு எடுத்து, இறுக்கமாகப் பின்னிய சடை.

மம்மி போனபிறகு அந்தத் தலைமுடியை யாரையும் தொடவிட்டதில்லை அவள்.

"யாரைக் கேட்டு என் முடியைத் தொட்டீங்க?"

கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த எல்ஸி ஈரக்கையோடு வந்து நின்றாள். "நீதானே மோளே பின்னிவிடச் சொன்னே? மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டு..."

"நான் சொல்லலை!"

எல்ஸியின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. திரும்பிப்போனாள். அடுக்களையில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. டெல்னா அந்தச் சடையை அவிழ்த்தாள்.

அன்று மாலை அப்பா போனில் கூப்பிட்டார்.

"பப்பா, எனக்கு என்னவோ ஆகுது..."

"காலையில நல்லாத்தானே பேசினே? எவ்வளவு சிரிச்சே!" அவர் குரல் தழுதழுத்தது. "எல்ஸியை அம்மேன்னு கூப்பிட்டியே மோளே, அது போதும் எனக்கு. நீ பழைய மாதிரி முறைச்சுக்கிட்டுத் திரியாதே, கேட்டியா? இப்படியே இரு."

இப்படியே இரு. அவர் போனை வைத்த பிறகும் அந்த வார்த்தைகள் மழைச்சத்தத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தன.

தையலைக் காட்டப் போனபோது, தூங்கியபிறகு தான் பேசுவதும் செய்வதும் நினைவிலேயே இல்லை என்று டாக்டரிடம் சொன்னாள். மயக்கமருந்து ஒரு நாளிலேயே உடம்பைவிட்டுப் போய்விடும் என்றார் அவர். காயம் அருமையாக ஆறிவருகிறது என்றார். "பரீட்சை பயம் ஏதாவது இருக்கா?" என்று எல்ஸியைப் பார்த்துக் கேட்டார். திரும்பி வரும் ஆட்டோவில் எல்ஸி டெல்னாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டெல்னா தூங்காமலிருக்கப் பார்த்தாள். கட்டன்காப்பி குடித்தாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். கண் சொருகும்போதெல்லாம் தையலை விரலால் அழுத்தினாள். வலி சுள்ளென்று ஏறும். கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு வலியும் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல ஆகிவிடும். தூக்கத்துக்கு முந்தைய அந்த நொடியில் நெஞ்சுக்குள் யாரோ அசைந்துகொடுத்து, எழுந்து உட்காரத் தயாராவதை அவளால் உணர முடிந்தது.

கடைசியில் எல்ஸியின் கையை அவளே பிடித்தாள். முதல்முறையாக.

"ஆன்ட்டி, நான் சொல்றதைக் கேளுங்க. உங்களை அம்மேன்னு கூப்பிடுறது நான் இல்லை. வேற யாரோ. நான் தூங்கினதும் அது எழுந்துக்குது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கூடுதல் நேரம் இருக்குது. எனக்குப் பயமா இருக்கு."

எல்ஸி அசையாமல் கேட்டாள்.

"அது வந்தா அதுகூடப் பேசாதீங்க. என்னை உலுக்கி எழுப்பிடுங்க. அடிச்சாவது எழுப்புங்க. சத்தியம் பண்ணுங்க ஆன்ட்டி."

எல்ஸி கழுத்தில் கிடந்த கொந்தையின் சிலுவையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "சத்தியமா எழுப்புறேன் மோளே. நீ படு. நான் இங்கேயே இருக்கேன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் டெல்னா கண்ணை மூடினாள்.

வாளி இறங்கியது. ஆனால் இம்முறை இருட்டு வரவில்லை.

மழைச்சத்தம் கேட்டது. எல்ஸியின் புடவையிலிருந்த சோப்பு வாசனை வந்தது. எழுந்துகொள்ள நினைத்தாள். கை வரவில்லை. விரல் வரவில்லை. பிறகு இமைகள் திறந்தன.

அவள் திறக்கவில்லை.

"அம்மே," என்றது வாய்.

அவள் குரல்தான். ஆனால் இத்தனை இனிமையாக அவள் ஒருபோதும் பேசியதில்லை.

எல்ஸி குனிந்து பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. "டெல்னா?"

எழுப்புங்க. டெல்னா உள்ளுக்குள் கத்தினாள். தொண்டை அசையவில்லை. ஆன்ட்டி, எழுப்புங்க! அடிங்க!

எல்ஸியின் கை உயர்ந்தது. கன்னத்துக்கு அருகில் வந்தது.

"அம்மே, அடிக்கப் போறீங்களா?"

கை அந்தரத்தில் நின்றது.

உள்ளே கிடந்தவளுக்கு ஒன்றே ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. கண்ணீர். அதை முழு பலத்தோடு தள்ளினாள். வலக்கண்ணின் ஓரத்தில் அது சூடாகத் திரண்டது. கன்னத்தில் வழிந்தது.

எல்ஸி அதைப் பார்த்தாள். சிரிக்கும் வாயைப் பார்த்தாள். அழும் கண்ணைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அவள் புரிந்துகொண்டதை டெல்னாவும் பார்த்தாள்.

எல்ஸி மெல்ல எழுந்தாள். அறைக்கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிறவளைப்போல.

"அவ தூங்குறாளா?"

"இல்லை அம்மே. முழிச்சிருக்கா. நம்மளைப் பாத்துக்கிட்டிருக்கா."

எல்ஸியின் உதடு துடித்தது. பிறகு அந்தத் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடு."

"அம்மே."

கண்ணீர் நிற்கவில்லை. எல்ஸி முந்தானையால் அதைத் துடைத்தாள். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தாள். அவசரமில்லாமல், அன்பாக, அது வற்றும்வரைக்கும் உட்கார்ந்திருக்கத் தயாரானவளைப்போல.