அறுபத்தெட்டு கிலோ

காலை ஏழு மணிக்கே மேஸ்திரி வந்துவிட்டார். பள்ளத்தாக்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு மூடுபனி கிடந்தது. அதன்மேல் அந்தரத்தில் நீண்டிருந்தது கண்ணாடி நடைபாதை.

இன்று எடைச் சோதனை. தேறிவிட்டால் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் பள்ளத்துக்குள் ஒருவரும் இறங்கப்போவதில்லை. மச்சான் அங்கே கிடப்பது வெளியே வராது.

பன்னிரண்டு நாளுக்கு முன், தேய்ந்த கொக்கி என்று தெரிந்தே வெல்டர் மச்சானின் பாதுகாப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டவர் அவர்தான். "புதுசு வர்ற வரைக்கும் சமாளிடா." மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவன் விழுந்தான். அவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதாகத் தன் மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறார். தம்பியின் போனுக்காக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"கண்ணாடியில ஏறுறதுக்கு முன்னாடி எடை மெஷின்ல ஏறுங்க" என்றாள் சோதனைக்கு வந்த இன்ஜினியர்.

எண்பத்திரண்டு.

"வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டுது போல."

"நக்கலெல்லாம் கையெழுத்து போட்டப்புறம் வெச்சுக்குங்க மேடம்."

நடுப்பாதை வரை நடந்து நின்றார். காலடியில் வெறும் வெண்மை. ஈரக்காற்றில் திடீரென வெல்டிங் புகை நாற்றம். இங்கே யாரும் வெல்டிங் வைக்கவில்லையே!

வாக்கி-டாக்கியில் இன்ஜினியரின் குரல் கரகரத்தது. "கூட யாரு நிக்கிறாங்க?"

"யாருமில்ல."

"பாதையோட எடை மீட்டர் நூத்தைம்பது காட்டுது."

அறுபத்தெட்டு அதிகம்.

கடைசி நாளன்று எடை மெஷினில் நின்று மச்சான் சிரித்தது காதில் கேட்டது. 'அறுபத்தெட்டுதான் மாமா. அக்கா ஆக்குற சோத்தையெல்லாம் நீங்களே தின்னுடுறீங்க.'

முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

டிக்.

அவருடைய பெல்ட்டில் யாரோ கொக்கியை மாட்டிய சத்தம்.

திரும்பிப் பார்க்காமல் ஓடினார். கால்கள் கல்லாய்க் கனத்தன. கரையேறியதும் இன்ஜினியர் வழி மறித்தாள்.

"சாரத்தைப் பிரிக்கக் கூடாது. கீழ ஆள் இறங்கி அடித்தளத்தைப் பாக்கணும்."

"உங்க மீட்டர் பழுது! அதுக்கு எதுக்குக் கீழ இறங்கணும்?"

"பழுதா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சுடும். மறுபடி எடை பாருங்க."

மண்மேல் கிடந்த மெஷினில் ஏறினார்.

முள் சுற்றியது.

எண்பத்திரண்டைத் தாண்டியது.

நூற்றைம்பதில் நின்றது.

இன்ஜினியர் ஓரடி பின்வாங்கினாள். அவள் பார்வை அவரிடம் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது.

பெல்ட் இறுகியது. பள்ளத்தின் பக்கமாக, மெதுவாக, அவரை இழுத்தது.

காதோரம் ஈரமாய் ஒரு மூச்சு.

"புதுசு வர்ற வரைக்கும் சமாளிங்க மாமா."