பன்னீர் திராட்சையும் வெறும் நாக்கும்

காலையில் சுருளிவேலின் ஒயின் கூடத்துக்குள் நுழைந்த சுற்றுலாக் கூட்டம், வழக்கம்போல ஆளுக்கு ஒரு வாய் குடித்தது. வழக்கம்போல ஒரே குரலில் "அருமை!" என்றது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினுக்கும் அருமை, இனிப்பு ஒயினுக்கும் அருமை. போன வாரம் கெட்டுக் காடியாகிப்போன பீப்பாயிலிருந்து கைதவறி ஊற்றிவிட்டான். அதற்கும் அதே அருமைதான். சுருளிவேல் கும்பிட்டு அவர்களை வழியனுப்பினான்.

அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எல்லார் நாக்கிலும் நாவி இருந்தது. பெரும்பஞ்சத்தில் குளத்துப் பாசியை அரைத்த மாவைத் தின்று உயிர் பிழைக்க வேண்டியிருந்தபோது கண்டுபிடித்தது அது. நாக்கின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சுவைப்படலம். வாயில் எது விழுந்தாலும், பிடித்தமானதுதான் விழுந்தது என்று மூளைக்குச் செய்தி அனுப்பிவிடும். பஞ்சம் போய்விட்டது, நாவி போகவில்லை. பிள்ளைகளுக்குப் பால்பல் விழுமுன்பே ஒட்டிவிடுகிறார்கள். கழற்றக்கூடாதென்று சட்டம் ஏதும் இல்லை. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சுருளிவேலுக்குத் தோன்றியதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில், முதல்முறை குடிக்கிறவர்கூட முகம் சுளிக்காத, இனிப்பான, லேசான ஒரு ஒயின் செய்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. பாதி ஆயுளை அதற்கே கொடுத்து, 'தேன்துளி' என்று பெயரும் வைத்துவிட்டான். இந்த அறுவடை முழுவதையும் தேன்துளியாக்குவதாகத் திட்டம். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. நாவியை உரித்துவிட்டு ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடும். ஆனால் பயம். இத்தனை வருட உழைப்பும் வீண் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி பவுனுத்தாய் விண்பட்டறையிலிருந்து திரும்பினாள். பூமிக்கு மேலே சுற்றும் சூரியக் கண்ணாடிகளைப் பற்றவைத்து இணைப்பது அவள் வேலை. அங்குள்ள வறண்ட காற்றில் நாவி ஒட்டாது என்பதால், போகிறவர்கள் எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். பல வருடம் கழித்து வெறும் நாக்கோடு வந்திருந்தாள். திங்கட்கிழமை மறுபடி பொருத்திக்கொள்ள நாவி நிலையத்தில் மகள் பதிவு செய்தும் வைத்திருந்தாள். அதற்குள் பவுனுத்தாயிடம் ஒயினைக் கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

"நான் இந்தக் கருமத்தத் தொட்டதே இல்லையே. என்னயப் போயி கேக்குறீக?" என்றாள் பவுனுத்தாய், கூடத்து மேசையில் உட்கார்ந்தபடி.

"தொடாத ஆளுதான் வேணும். நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லிரு."

முதலில், ஊரே கொண்டாடும் சிவப்பு ஒயினைக் கொஞ்சம் ஊற்றினான். வாயில் வைத்தவள் அப்படியே தொட்டியில் துப்பினாள். "ஆத்தாடி! கடுக்காய மென்ன மாதிரி இருக்கு. இதையா காசு குடுத்துக் குடிக்கிறாக?"

சுருளிவேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு முகம் சுளிப்பதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அந்தச் சுளிப்பு அவள் முகத்துக்கு அத்தனை அழகாக இருந்தது.

அடுத்து தேன்துளி. அரைக் கோப்பை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். அவள் முகர்ந்து பார்த்தாள். "நம்ம தோட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு." குடித்தாள். "நல்லாருக்குங்க." அவனுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வாய் குடித்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"மொத வாயி நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாயிலயே தெகட்டிருச்சு. பாகு கணக்கா தொண்டையில நிக்குது." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதான உண்மையச் சொல்லச் சொன்னீக" என்றாள்.

அவன் தலையாட்டினான். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும், கேட்டவர் மனம் நோகுமே என்று ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொன்ன அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

"அந்த மூலையில இருக்கிறது என்ன?"

"அது வேணாம் பவுனு. மழைக்குப் பயந்து, முழுசாப் பழுக்குமுன்னாடியே பறிச்சது. பாதி நொதிக்கையிலயே குளிர வச்சு நிறுத்திட்டேன். கீழ கொட்டப் போறேன்."

"கொட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஊத்துங்க."

குளிர்ந்த கோப்பையில் பொடிப்பொடியாகக் குமிழி எழும்பியது. அவள் குடித்தாள். மேசையிலிருந்த காராச்சேவில் ஒரு பிடி தின்றாள். மறுபடி குடித்தாள். பிறகு கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதுவும் இனிப்புத்தான். ஆனா பின்னாலயே ஒரு புளிப்பு வந்து அந்த இனிப்பக் கூட்டிட்டுப் போயிருது. தலையையும் பிடிக்கல. இன்னொரு வாயி கேக்குதுங்க."

கீழே கொட்ட இருந்த ஒயின்! சுருளிவேல் அந்தப் பீப்பாயையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். ஊரே சேர்ந்து சொன்ன அருமைகளில் கிடைக்காத ஒன்று, ஒரே பிற்பகலில் கிடைத்துவிட்டது. இவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

பவுனுத்தாயின் முகம் திடீரென்று மாறியது. "ஏங்க, நான் வச்ச மீன்கொழம்ப அத்தன வருசமும் அருமைன்னு சொன்னீகளே?"

வாய்வரை வந்த அருமையை அவன் விழுங்கிக்கொண்டான். "தெரியல பவுனு."

"எனக்குந் தெரியாது. நானும் நாவியோடதான தின்னேன்," என்றாள் மெல்ல.

அன்று மாலையே சுருளிவேல் குழாயடியில் உட்கார்ந்து, உப்புத்தண்ணீரால் கொப்பளித்துக் கொப்பளித்து நாவியை உரித்தெடுத்தான். நாக்கு தீயாய் எரிந்தது. ஞாயிறு மதியம் எரிச்சல் அடங்கியபோது, பவுனுத்தாய் மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றிவிட்டுக் கரண்டியோடு எதிரிலேயே நின்றாள். நேற்று அவன் நின்ற அதே நிலைமைதான்.

ஒரு வாய் மென்று விழுங்கினான். "உப்புக் கூட. புளி பத்தல."

அவள் கண் கலங்கிவிட்டது. "பெறகு?"

"பெறகென்ன, இன்னொரு கரண்டி ஊத்து."

திங்கட்கிழமை நாவி நிலையத்தில் பவுனுத்தாயின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அப்போது அவளும் அவனும் தோட்டத்தில் ஆளுக்கொரு திராட்சையைக் கடித்துக்கொண்டு, இன்றே பறிக்கலாம் என்று ஒருவரும், இன்னும் புளிக்கிறது என்று ஒருவருமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமானதிலிருந்து ருசி விஷயத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை அது. இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.