பங்குகாட்டி

அமைச்சர் இளவழுதி பேசத் தொடங்கி நான்காவது வாக்கியத்தில் அவர் மார்பிலிருந்த பங்குகாட்டி சிவந்தது. நெடுங்கழியின் நீர் தன் இரத்தத்தில் ஓடுகிறது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். ஆலை அனுமதி பற்றிய கருத்துக்கேட்புக்காகக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்த எழுநூறு பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பைக்கு மேலே எரிந்த அந்தச் சிறு வட்டத்தைத்தான் பார்த்தார்கள். பங்குகாட்டி வந்த மூன்று ஆண்டுகளில், மேடையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் பழக்கமே மக்களிடமிருந்து போய்விட்டது.

கட்டைவிரல் நகம் அளவுள்ள கருவி அது. பேசுபவரின் பேச்சைக் கேட்டு, எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளும். அந்தப் பொருளில் அவருக்குப் பங்கு இருக்கிறதா என்று உலகத்தின் எல்லாச் சொத்துப் பதிவேடுகளிலும் தேடும். மனைவி பெயர், மைத்துனர் பெயர், கார் ஓட்டுநர் பெயர், ஏதோ ஒரு தீவில் பெயர்ப்பலகை மட்டுமே உள்ள நிறுவனம், எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் துளைத்துச் சென்றுவிடும். பங்கு இல்லையென்றால் வெள்ளை. ஒரு ரூபாய்க்கு இருந்தாலும் சிவப்பு. சிவந்தவர் அந்த விஷயத்தில் பொது மேடையிலோ அரசுக் குழுவிலோ கருத்துச் சொல்லவோ வாக்களிக்கவோ கூடாது என்பது சட்டம்.

விசாரணை அதிகாரி ரெஹானா தன் மேசைத் திரையைப் பார்த்து வாசித்தார். நீலமணி உவர்நீர் ஆலையில் அமைச்சருக்குப் பதினொரு சதவீதப் பங்கு. மைத்துனரின் அறக்கட்டளை வழியாக.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள் தேசம்மா. நாற்பத்தொன்பது வயதில் முப்பத்தைந்து வருடம் உப்பங்கழியின் முழங்கால் நீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்தவள். ஆலை வந்தபிறகு இறால் வருடாவருடம் குறைந்து, இப்போது அற்றே போயிருந்தது. கடல்நீரிலிருந்து மின்கலங்களுக்கான உலோகத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய கொதிக்கும் உப்புக் குழம்பை ஆலை கழிக்குள் விட்டது. அவள் விரல் இடுக்குகளில் புண் ஆறவே இல்லை. இதே அமைச்சர் ஆண்டுதோறும் வந்து அதே கழிக்கரையில் அலையாத்திக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கன்றுகள் கருகியது எதனால் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

பங்குகாட்டிச் சட்டத்துக்காகச் சட்டமன்றச் சாலையில் அறுபத்தொரு நாள் உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. அரசியல்வாதிக்கு மட்டும் போதாது, ஆலைக்காரன் கூலி கொடுத்து அனுப்பும் ஆளுக்கும் மாட்ட வேண்டும் என்று வாதாடி, கருத்துச் சொல்லும் எவரும் என்ற சொற்களைச் சட்டத்தில் சேர்க்க வைத்ததும் அவளுடைய கூட்டம்தான்.

அமைச்சர் தலை குனியாமல் இறங்கி வெளியே தன் வண்டிக்குப் போனார். அடுத்து தேசம்மாவின் முறை. ஊழியர் ஒருவர் அவள் புடவைத் தலைப்பில் பங்குகாட்டியைக் குத்திவிட்டார். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“நான் நெடுங்கழி தேசம்மா. இந்த ஆலைக்கு இன்னும் இருபது வருஷம் அனுமதி குடுக்கக்கூடாதுன்னு சொல்ல வந்திருக்கேன்.”

மண்டபம் கைதட்டவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். தலைப்பு சிவப்பாக இருந்தது.

கருவி பழுது என்று யாரோ கத்தினார்கள். ரெஹானா திரையை இரண்டு முறை படித்தார். பிறகு, வாசிக்கவே கூசியவர் போல மெல்லிய குரலில் வாசித்தார். கடலோரத் தொழிலாளர் ஓய்வூதிய நிதி, நீலமணியில் நாற்பத்திரண்டு சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. தேசம்மா அந்த நிதியின் உறுப்பினர்.

ஏலக்கூடத்தில் இறால் விற்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்ட பணம் அது. வயதான காலத்தில் கஞ்சிக்கு என்று சொல்லித்தான் பிடித்தார்கள். அதை எங்கே போட்டார்கள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. நிதியை நிர்வகித்தவர்களை நியமித்தது இளவழுதியின் அரசு. கழியைக் கொன்ற குழாய்க்குத் தன் காசும் போயிருக்கிறது என்பது புரிந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஒலிவாங்கியை உடைக்க வேண்டும்போல இருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து குத்திக்கொண்டார்கள். நண்டு பிடிப்பவர்கள், படகு ஓட்டுபவர்கள், ஏலக்கூடக் கணக்கர், எல்லோரும் சிவந்தார்கள். பள்ளி ஆசிரியரும் சிவந்தார்; அவருடைய சேமநிதி வேறு வழியாக அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து இளவழுதி திரும்பி வந்து மேடை ஏறினார். அவர் பங்குகாட்டி வெள்ளையாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே எல்லாப் பங்கையும் விற்றுவிட்டார். வாங்கியவர் பெயரை வாசிப்பது ரெஹானாவின் கடமை. வாசித்தார். வாங்கியது கடலோரத் தொழிலாளர் ஓய்வூதிய நிதி. சந்தை விலையைப் போல மூன்று மடங்குக்கு.

“இனிமே ஆலை உங்களோடது. லாபம் முழுக்க என் மக்களுக்கே போகட்டும்” என்றார் அமைச்சர். வெள்ளை துளிகூட மங்கவில்லை. அவர் சொன்னதில் அவருக்கு இப்போது எந்தப் பங்கும் இல்லை.

கருத்துச் சொல்லத் தகுதியுள்ள ஒருவர்கூட ஊரில் இல்லாததால் கூட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. எட்டாம் நாள் அனுமதிக் குழு கூடி ஆலைக்கு இருபது ஆண்டு நீட்டிப்பு அளித்தது. குழுத் தலைவர் இளவழுதி. விதிகளில் ஒரு குறையும் இல்லை.

தேசம்மா ரெஹானாவின் அலுவலகத்துக்குப் போனாள். கூடவே பூங்காவனமும் போனாள். இருவரும் சிறு வயதிலிருந்து ஒன்றாகவே கழியில் இறங்கியவர்கள். பூங்காவனம் எட்டு வயது மூத்தவள். அடுத்த ஆண்டு அவளுக்கு ஓய்வூதியம் தொடங்க வேண்டும். உப்பு அரித்த விரல்களை மேசைமேல் வைத்து, சல்லிக் காசு பார்க்காத நான் எப்படிச் சிவந்தேன் என்று தேசம்மா கேட்டாள்.

“நிதி வாங்கின பங்குக்கு உறுப்பினர்தான் உரிமையாளர்னு சட்டம் சொல்லுதும்மா. அதனாலதான் உங்களுக்குச் சிவக்குது” என்றார் ரெஹானா.

“உரிமையாளர்னா ஆலையை மூடலாமா?”

ரெஹானா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாதிக்கு மேல பங்கு இருந்தா மூடலாம். போன வாரம்வரைக்கும் உங்களுக்கு நாப்பத்திரண்டு. அமைச்சர் வித்தப்புறம் அம்பத்திமூணு.”

உறுப்பினர்கள் ஆயிரத்து எண்ணூறு பேரும் அடுத்த மாதம் ஆலை வளாகத்தில் கூடினார்கள். உரிமையாளர் கூட்டம் என்பதால் சிவந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இளவழுதி தடுத்து நிறுத்தும் எண்ணத்தோடு வந்தார். வாசல் காவலர் அவர் மார்பின் வெள்ளையைப் பார்த்து, மன்னிக்கச் சொல்லிக் கதவை அடைத்தார். உள்ளே இருந்தவர்கள் அன்று ஒரு நாள் சிரித்தார்கள்.

சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. ஆலையை மூடினால் பங்கு செல்லாக்காசாகிவிடும். ஓய்வூதியமும் அதோடு போகும். கழி ஆறுவதற்கு ஐந்து ஆண்டாகும் என்றார்கள். அதுவரை எதைத் தின்பது என்று பலர் கேட்டார்கள். கடலுக்குப் போவதை விட்டுவிட்ட கிழவர்கள் தேசம்மாவை முகத்துக்கு நேரே திட்டினார்கள்.

வாக்குப்பெட்டி வரிசையில் பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள்.

“மூடினா எனக்கு என்னடி மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாதுக்கா. எனக்கும் மிஞ்சாது.”

பூங்காவனம் போய் வாக்களித்துவிட்டு வந்தாள். எதற்கு என்று தேசம்மா கேட்கவில்லை. எழுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஆலையை மூட முடிவாயிற்று. அன்று மாலை குழாய்களின் இரைச்சல் நின்றது. பதினாறு வருடத்துக்குப் பிறகு நெடுங்கழியில் கொக்கு கத்துவது கேட்டது. பூங்காவனம் அதன்பிறகு தேசம்மாவோடு பேசவில்லை. மறு மாதமே மகள் ஊருக்குப் போய், ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள்.

ஆறு மாதம் கழித்து, நகரத்திலிருந்து பத்துப் பேருந்துகளில் மாணவர்களும் சுற்றுச்சூழல் சங்கத்தினரும் கழிக்கரைக்கு வந்தார்கள். பந்தல் போட்டு, பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். பொன்னாடை இளவழுதிக்கு. அவர் தன் அலையாத்திக் கன்றை நட்டுவிட்டு, கண் கலங்கப் பேசினார்.

“இந்தக் கழிக்காக நான் என் பங்கையே துறந்தேன். துறந்த அன்னிக்குத்தான் இந்த ஆலையோட முடிவு ஆரம்பிச்சது.”

அத்தனை பேரும் அவர் மார்பைப் பார்த்தார்கள். தூய வெள்ளை. ஒரு மாணவி எழுந்து நின்று கைதட்ட, மற்றவர்களும் எழுந்தார்கள்.

தேசம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தாள். பேசுபவர் எவரும் அணிய வேண்டும் என்பதால் ஒரு தொண்டர் அவளுக்கும் பங்குகாட்டியைக் குத்திவிட்டார்.

“இவர் துறக்கல. வித்தாரு. மூணு மடங்கு விலைக்கு எங்க தலையில கட்டிட்டுப் போனாரு. எங்க கஞ்சிக் காசு மொத்தமும் இவர்கிட்டதான் இருக்கு.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. அவள் தன் பேச்சுதான் தைத்துவிட்டது என்று நினைத்தாள். பிறகுதான் எல்லாக் கண்களும் எங்கே நிற்கின்றன என்று கவனித்தாள். மூடிக் கிடந்த, துருப்பிடித்த, யாரும் வாங்க முன்வராத அந்த ஆலையின் உரிமையாளர் இன்னும் அவள்தான். அவள் தலைப்பில் பங்குகாட்டி இரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“அவங்களுக்கு அதுல பங்கு இருக்கு பாருங்க” என்றாள் முன்வரிசையில் அந்த மாணவி, பக்கத்திலிருந்தவளிடம். கருணையோடுதான் சொன்னாள்.

தொண்டர் ஒலிவாங்கியை அணைத்தார். தேசம்மா அதைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் உரத்த குரலில் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.