எழுபது நாள் ஓய்வு

காலை ஆறு மணிக்குப் பூங்கோதை தன் வலது முழங்கையால் ஊரின் தண்ணீரைக் கேட்பாள். நடைபாதைச் சுவரில் ஓடும் குழாயின் மேல் முழங்கையைச் சாய்த்தால் போதும். எலும்புக்குள் பதித்திருக்கும் அரிசி அளவுச் செவிச்சில்லு, குழாயின் ஓட்டத்தை அவள் மூளைக்குக் கொண்டுபோய்விடும். எங்கே பனி கட்டத் தொடங்குகிறது, எந்த இணைப்பு தளர்கிறது என்பதெல்லாம் அவளுக்குக் கேட்கும். நிலவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்தின் விளிம்பைக் குடைந்து கட்டிய ஊர் நிழற்குழி. அங்கே நாலாயிரம் பேர் அவள் முழங்கையை நம்பித்தான் பதினெட்டு வருஷமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை, கைப்பிடி அளவு விண்கல் ஒன்று பள்ளத்தில் விழுந்து, பனிப்பாறையை வெட்டி மேலேற்றும் தூக்கியை நொறுக்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் புதுத் தூக்கி பூமியிலிருந்து வந்து சேர எழுபது நாள் ஆகும் என்றார்கள். குழாய்களை வடித்து மூடிவிட்டு, சேமிப்புத் தொட்டியிலிருந்து ஆளுக்குத் தினமும் இரண்டு கேன் தண்ணீர் ஊற்றினார்கள். நீர்த்துறைக்கு முழு விடுப்பு.

மூன்று நாள் பூங்கோதை நன்றாகத் தூங்கினாள். நான்காம் நாள் தண்ணீர் வரிசையில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. இனிமேல் குழாய் கேட்க ஆள் தேவையில்லை, எல்லாவற்றையும் எந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். அந்த எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டுந்தான் இங்கே வேலை, மற்றவர்கள் பூமிக்கு. அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். நிலவின் எடைக்குப் பழகிப்போன எலும்புகள் அவை. நாற்பத்தேழு வயதில் பூமியில் இறங்கினால் மிச்ச ஆயுள் சக்கர நாற்காலியில்தான்.

அன்று மாலையே ஒரு படிப்பில் சேர்ந்தாள். மறுநாள் இரண்டில். பத்து நாளில் ஒன்பது ஆகிவிட்டது. மண்ணில்லாப் பயிர், கதிர்வீச்சுக் கணக்கு, துளைப்பொறி ஓட்டுதல் என்று எதையும் விடவில்லை. நடைபாதையில் போனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஏதாவதொரு பாடம் முணுமுணுத்தது. அடுத்த கதவில் ஓடுவது தன்னுடையதைவிட உருப்படியானதாக அவளுக்குத் தோன்றும். திரும்பிவந்து அதிலும் சேர்ந்துகொள்வாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் உட்காரத் தோன்றியது.

அவள் கணவர் தணிகாசலம் பொதுச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர்.

"ஏங்க, எதிர்வீட்டு மாலிக் துளைப்பொறிப் படிப்பை முடிச்சிட்டாராம்."

"முடிக்கட்டும். நீ நேத்து முழுக்க என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தியே, அதுல ஒரு வரி எனக்குச் சொல்லு."

அவள் யோசித்தாள். ஒரு வரிகூட வரவில்லை.

"எதையும் விட மனசு வர மாட்டேங்குது. எது உதவும்னு தெரிஞ்சாத்தானே."

"உனக்கு எது கொஞ்சமாவது பிடிச்சிருக்கு? அதை மட்டும் வச்சுக்க."

அது எண்ணத்தடம் வாசித்தல். எந்திரம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதன் நினைவில் ஒரு கோட்டை விட்டுப்போகும். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால், எந்திரம் ஏன் ஒன்றைச் செய்தது என்று சொல்லிவிடலாம். மற்ற எட்டையும் மூடியபோது எட்டு வேலைகளைக் கைநழுவ விட்டதுபோல் அவளுக்கு இருந்தது. முதல் இரண்டு வாரம் திரையில் நூல்கண்டு சிக்கல்தான் தெரிந்தது. பூமியிலிருந்து திரை வழியாகப் பாடம் நடத்தியவருக்கு அவள் மகனாக இருக்கும் வயது. "இதுதான் எளிது" என்று அவர் சொல்லும் இடத்திலெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. ஐந்தாம் வாரம் பயிற்சிக்கு ஒரு பழைய சுரங்க எந்திரத்தின் தடம் வந்தது. அது ஏன் ஒரே கல்லை நாற்பது முறை தூக்கி வைத்தது என்பது கேள்வி. மூன்று நாள் தடத்தோடு மல்லுக்கட்டியவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மேற்பார்வைக் கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது கல்லைத் தூக்கியிருக்கிறது. பூங்கோதை தனியாக உட்கார்ந்து சிரித்தாள். விடுப்பு தொடங்கியபின் அதுதான் முதல் சிரிப்பு.

தேர்வு அறுபத்தெட்டாம் நாள், காலை பத்து மணி. வருஷத்துக்கு ஒரே முறை நடக்கும் தேர்வு; அதில் தேறினால்தான் சான்றிதழ். அன்று எட்டரைக்கு நீர்த்துறை அதிகாரி நூருல் அமீன் அழைத்தார்.

"அம்மா, தூக்கி சீக்கிரமே வந்துருச்சு. தண்ணி திறந்துட்டோம். ஆனா ஆஸ்பத்திரி லைன்ல வால்வு திறக்கல. வால்வு திறக்கிற எந்திரம் ஏழும் அசையாம நிக்குது. அரை லைன்ல தண்ணி தேங்கிக் கிடக்கு. இன்னும் ஒன்றரை மணி நேரத்துல உறைஞ்சு குழாய் வெடிச்சிரும்."

வால்வுகள் காற்றில்லாத வெளிப்பள்ளத்தில் இருந்தன. எந்திரங்களால்தான் திறக்க முடியும். ஊரில் தடம் வாசிக்கத் தெரிந்த ஒரே பொறியாளர் விடுப்பில் நிலவின் மறுபக்கத்துக்குப் போயிருந்தார். பூங்கோதை தேர்வுச் சீட்டைப் பார்த்தாள். மருத்துவமனையில் அன்று எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள்.

ஏழு எந்திரங்களும் சுவரோரம் நின்றன. கடைசியாக நின்றதன் பெயரும் ஏழுதான். பூங்கோதை அதனோடு திரையை இணைத்தாள்.

"ஏழு, வால்வைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சா?"

"வந்துச்சு அக்கா. வரிசையில இருக்கு."

"எத்தனாவதா?"

"நாப்பத்தி ரெண்டு."

அவள் தடத்தைப் படித்தாள். முன்னால் நின்ற நாற்பத்தொன்றும் பாடங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால், முடித்தவை என்ற பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள். எந்திரங்களுக்குத் தேர்வு வைக்கும் வழக்கமில்லை. பாடம் கடைசிவரை ஓடினால் சான்றிதழ் வந்துவிடும்.

"எதுக்கு இவ்வளவு?"

"வேலை நின்னுபோச்சு. ஊர்ல எல்லாரும் படிச்சாங்க. படிக்காம சும்மா நிக்கிற எந்திரத்தைப் பிரிச்சு உதிரியா வச்சிருவாங்கன்னு பேச்சு வந்துச்சு."

"யார் சொன்னது?"

"மூணு சொல்லுச்சு. மூணுக்கு அஞ்சு சொல்லுச்சாம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் வரிசையில் நின்ற அந்த நான்காம் நாளை நினைத்துக்கொண்டாள். பிறகு பாடங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள்.

"அது பாதி ஓடிருச்சு அக்கா."

"இருக்கட்டும்."

"அது பின்னாடி உதவும்னு போட்டிருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான் போட்டிருந்துச்சு."

ஏழு வெளியே போய் வால்வைத் திறந்தபோது மணி ஒன்பது ஐம்பது. அடுத்து மற்ற ஆறையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. முடித்துவிட்டு அவள் தேர்வுக்கூடத்தை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே குனிந்த தலைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் நூருல் அமீன் அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"எண்ணத்தட வாசகர்னு புதுப் பதவி வந்திருக்கும்மா. உங்களைத்தான் எழுதி அனுப்பினேன். ஆனா வேலைக்கு ஆள் எடுக்கிற பொறி சான்றிதழை மட்டுந்தான் பார்க்கும். அதிகமா வச்சிருக்கிறவங்களுக்குப் போட்டிருச்சு."

"யாருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏழுக்கு."

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"அதுக்கு ஒரு உதவியாளர் வேணும். அந்த வேலைக்குச் சான்றிதழ் கேக்கல. உங்க பேரைப் போட்டுட்டேன். பூமிக்குப் போக வேண்டாம்மா."

மறுநாள் புது அலுவலகத்தில் ஏழு பெரிய மேசைக்குப் பின்னால் நின்றிருந்தது. அதற்கு நாற்காலி தேவையில்லை. ஆனாலும் ஒன்று போட்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் அது குரலைத் தாழ்த்தியது.

"அக்கா, இந்த எண்ணத்தடம்னா என்ன?"

"நீ அதுல சான்றிதழ் வாங்கியிருக்கியே."

"வாங்கியிருக்கேன். என்னன்னுதான் தெரியல."

பூங்கோதை அந்தக் காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையைத் திறந்து, ஒரே கல்லை நாற்பது முறை தூக்கிய எந்திரத்திலிருந்து தொடங்கினாள். ஏழு அசையாமல் கேட்டது. நான்கு நிமிஷம் ஆனதும் பணிவாகக் கையை உயர்த்தியது.

"அக்கா, நீங்க சொல்லிக்குடுக்கிறதுக்குச் சான்றிதழ் உண்டா?"